இல்லறத்தில் நன்றியறிதல்

பாஸ்குத் திருநாள் கழிந்ததும் ஞாயிறு பூசையில் கலியாண ஓலைகள் வாசிக்கப்படுவது வழக்கம். தபசு காலத்தில் தள்ளி வைக்கப்பட்ட விவாகங்கள் அதன் பிறகு வரிசையாக வருகின்றன. ஓலையில் பேர் கேட்டவுடன் கோவிலில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பெண் யார், பிள்ளை யார், எந்த ஊர் என்று விசாரிக்கிறார்கள். சந்தோஷமான காரியந்தான். ஆனால் அதே கோவிலில், தூணோரத்தில், 20 வருஷமோ 30 வருஷமோ குடித்தனம் செய்த புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஓலை வாசிப்பாரும் இல்லை, அவர்களைத் திரும்பிப் பார்ப்பாரும் இல்லை. அவர்களே ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்து எத்தனை நாளாயிற்றோ!

இந்த வாரப் பாடம் அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. புதுச் சோடிகள் படித்தாலும் நஷ்டமில்லை, பின்னால் உதவும்.

நம் முன்னோர் வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றார்கள். மேல்நாட்டு வசந்தத்தைப் படங்களில் பார்க்கிறவர்கள் பனி உருகுவதையும் புல்வெளி பூப்பதையும் நினைத்துக்கொள்வார்கள். நம் பீர்க்கன்கரணையில் இளவேனில் வேறு விதம். பெருஞ்சாலையில் தார் இளகுகிறது. ஏரி கரையை விட்டு உள்வாங்குகிறது. இளவேனிலின் நடுவிலேயே அக்கினி நட்சத்திரம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. ஆனாலும் பருவம் பொய்யல்ல. புங்கமரம் பழைய இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பளபளவென்று தளிர் விடுகிறது. வேம்பு பூத்து வாசலெல்லாம் சிந்துகிறது. மாமரத்தில் காய் திரண்டிருக்கிறது. தண்ணீர் வற்றுகிற நேரத்தில், அனலுக்குள்ளேயே துளிர்க்கிற பருவம் நம்முடையது. குடித்தனத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான காலம் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நன்றி என்ற வார்த்தையை நம் வீடுகளில் யாரும் உச்சரிப்பதில்லை. ஆட்டோக்காரரிடம் சொல்கிறோம், கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் சொல்கிறோம், சுவாமியாரைக் கண்டால் தோத்திரம் சொல்கிறோம். காலையில் காப்பி கொண்டுவந்து வைத்த மனைவியிடம் சொன்னால் அவள் பயந்துபோவாள். "என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாலும் பார்ப்பாள். நெருங்கின உறவில் நன்றி சொல்வது அன்னியப்படுத்துகிற காரியம் என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தில் ஓர் அழகு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சொந்தக் கைக்கு வாய் நன்றி சொல்லுமா?

நம்மிடம் வேறு வழக்கம் இருக்கிறது. "ஏம்மா, ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று சொன்னால் அது புகழ்ச்சி. தட்டு காலியானால் அது புகழ்ச்சி. "உப்பு சரியா இருக்கா?" என்ற கேள்விக்கு "ம்" என்று வந்தால் அது மகா பெரிய புகழ்ச்சி. ஆனால் ஒரு காரியம் கவனியுங்கள். குற்றம் சொல்வதற்கு மட்டும் நாம் இப்படி ஜாடை காட்டுவதில்லை. உப்பு கூடிப்போனால் அது வாயால், முழு வாக்கியமாக, பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொல்லப்படுகிறது. நல்லதற்கு ஜாடை, கெட்டதற்கு வார்த்தை. இந்தக் கணக்கு 20 வருஷம் நடந்தால், கேட்டவர் மனதில் எது மிஞ்சும்?

ஆகையால் நன்றி என்றால் என்ன என்பதையே முதலில் தெரிந்துகொள்வோம்.

திருக்குறளில் 11-ம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயர். பழந்தமிழில் நன்றி என்பது வாயால் சொல்லும் உபசார வார்த்தை அல்ல. ஒருவர் செய்த நன்மைக்குத்தான் நன்றி என்று பெயர். சோறு வடித்தது ஒரு நன்றி. காய்ச்சலில் இரவெல்லாம் விழித்திருந்தது ஒரு நன்றி. அதைப் பெற்றுக்கொண்டவன் செய்யவேண்டிய வேலை அறிதல். பார்த்து, தெரிந்து, மறவாமல் வைத்துக்கொள்வது. "நன்றி சொல்வது" பிற்காலத்தில் வந்தது. "நன்றி அறிவது" மூலம். இன்னொரு விசேஷம்: இந்த அதிகாரம் அரசியலிலோ நட்பிலோ வைக்கப்படவில்லை. அறத்துப்பாலில் இல்லறவியலுக்குள், இல்வாழ்க்கை, வாழ்க்கைத்துணைநலம், மக்கட்பேறு எல்லாம் சொல்லி முடித்த பிற்பாடு வருகிறது. அதற்கு நேர்முன்னே நிற்பது 10-ம் அதிகாரமாகிய இனியவை கூறல். இனிமையாகப் பேசு, செய்ததை அறி என்று இரண்டும் ஒட்டினாற்போல் இருக்கின்றன.

நம் வேதபோதகர் வீரமாமுனிவர் இந்தக் குறளை 1730-ல் இலத்தீனில் பெயர்த்தார். அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்துவிட்டுக் காமத்துப்பாலைத் தொடாமல் விட்டுவிட்டார். துறவி அல்லவா, அது இல்லறத்தார் தாங்களே படித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பார் போலும்.

இந்த "அறிதல்" சுவிசேஷத்திலும் ஓரிடத்தில் வருகிறது. அதுவும் ஒரு கலியாண வீட்டில். கானாவூர் கலியாணத்தை ஓலை வாசிக்கும் காலத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 2-ம் அதிகாரத்தை இன்று இரவு மறுபடியும் எடுத்துப் பாருங்கள். இரசம் குறைந்துபோனதை அங்கே யார் கண்டுபிடித்தது? பந்தியில் இருந்த ஆண்கள் அல்ல. தேவமாதா கண்டார்கள். கண்டவர்கள், ஏன் முன்யோசனை இல்லாமல் கலியாணம் வைத்தீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரைக் குறை சொல்லவில்லை. சொல்லவேண்டியவரிடம் மெதுவாகச் சொன்னார்கள்.

பிறகு வருகிறது நமக்கு வேண்டிய பகுதி. ஆறு கற்சாடிகள். சாடி ஒன்று ஏறக்குறைய 80 முதல் 120 லிட்டர் கொள்ளும் என்று வேதாகம விளக்கங்கள் சொல்லுகின்றன. நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் கணக்குப் பார்த்தால் மொத்தம் 30 குடத்துக்குக் குறையாது. குழாயும் மோட்டாரும் இல்லாத காலம். வேலைக்காரர்கள் அத்தனையையும் மொண்டு விளிம்பு மட்டும் நிரப்பினார்கள். பந்திக் கண்காணி அந்த இரசத்தை ருசி பார்த்துவிட்டு, மணவாளனைக் கூப்பிட்டுப் புகழ்ந்தான். பாவம், மணவாளனுக்கு ஒன்றும் தெரியாது. எங்கிருந்து வந்தது என்பது கண்காணிக்கும் தெரியாது. தண்ணீர் மொண்ட வேலைக்காரருக்குத் தெரியும் என்று சுவிசேஷகர் அந்த இடத்தில் நிறுத்திக் குறித்து வைக்கிறார்.

நம் வீட்டுக்கு விருந்தாளி வந்து சாப்பிட்டுவிட்டு, "பிரமாதம் சார்" என்று வீட்டுக்காரரிடம் கை குலுக்கிவிட்டுப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மணவாளன் ஞாபகந்தான் வரும். புகழ்ச்சி ஓரிடத்துக்குப் போகிறது; தண்ணீர் மொண்டவர் வேறிடத்தில் நிற்கிறார்.

இந்தப் பருவத்து வேலையையே எடுத்துக்கொள்வோம். அரிசியை ஊறவைத்து அரைத்து, விடியுமுன் எழுந்து கூழ் கிளறி, வெயில் ஏறுமுன் மாடியில் பழைய வேஷ்டியை விரித்து வடகம் பிழிய வேண்டும். பிறகு காக்கைக்குக் காவல். மத்தியானம் திருப்பிப் போட வேண்டும். சாயங்காலம் வேஷ்டியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்க வேண்டும். மறுநாளும் காய வேண்டும். வேப்பம்பூவைப் பெருக்கிச் சேர்த்து, தூசி போக்கி உலர்த்தி டப்பாவில் அடைக்க வேண்டும். மோர்மிளகாய் வேறு. இவ்வளவும் ஐப்பசி மழையில்தான் வெளியே வருகிறது. மழை கொட்டுகிற அன்று வடகம் பொரித்துத் தின்கிறவர்களுக்குச் சித்திரை வெயில் ஞாபகம் வருவதில்லை.

வடகம் கடையில் கிடைக்கிறது, எங்கள் வீட்டில் யாரும் பிழிவதில்லை என்று சிலர் சொல்லலாம். சரி. ஆனால் வேலை குறைந்துவிடவில்லை. தாம்பரம் சானட்டோரியத்தில் 1984-ல் ஏற்பட்ட ஏற்றுமதி வளாகத்தை நாம் மெப்ஸ் என்கிறோம். அங்கே வேலை முடிந்து வரும் பெண்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய நிமிஷத்தில் இரண்டாவது ஷிப்டு தொடங்குகிறது. பாங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் வேலை செய்கிற பெண்களுக்கும் அப்படித்தான். மத்திய அரசின் புள்ளிவிவரத் துறை 2024-ல் நடத்திய நேரக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிஷமும், வீட்டுவேலை செய்கிற ஆண்கள் 88 நிமிஷமும் அதற்குச் செலவிடுவதாகத் தெரிந்தது. முந்திய 2019 கணக்கில் இது 299-ம் 97-ம் ஆக இருந்தது. பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்தது என்று சந்தோஷப்படப் போனால், ஆண்களும் ஒன்பது நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்! கணக்கு உள்ளபடியே நிற்கிறது. புருஷர்கள் இந்தப் பாராவை இரண்டாம் முறை வாசிப்பது நல்லது.

ஆனால் அறிதல் ஒருபக்கத்து வேலையன்று. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல் இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் கடிகாரம் அந்த ரயில்தான். பெருங்களத்தூரிலோ தாம்பரத்திலோ ஏறி, ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து, நெரிசலில் நின்றபடியே போய் நின்றபடியே வருகிற புருஷனின் முதுகுவலி வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டுக் கடன் தவணை கழித்து மிஞ்சியதில் பிள்ளைக்குச் சட்டை எடுத்து, தனக்கு எடுக்காமல் வருகிறான். அவன் அதைச் சொல்வதில்லை. சொல்லாததினால், "நீங்க என்ன செஞ்சு கிழிச்சீங்க" என்று ஒருநாள் கேள்வி வருகிறது. அந்தக் கேள்வி புண்படுத்துவது பொய்யாக இருப்பதால் மட்டுமல்ல. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தவள் கண்ணில் அது படவில்லையே என்பதால்.

சம்பளத்தை மட்டும் நன்மையாக எண்ணிப் பழகிய வீட்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மறைமலைநகரில் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான வீடுகளில் மாதச் சம்பளம் நின்றது. அப்படிப்பட்ட நாட்களில், காலையில் போக இடமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குத் தன் வீட்டில் என்ன இடம்? அவன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருவதும், தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பிடிப்பதும், வயதான மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் நன்மையாகத் தெரிகிற வீடு அந்தக் காலத்தைத் தாண்டிவிடும். ரூபாய் மட்டுமே தெரிகிற வீட்டில் முதல் மாதமே தட்டின் ஓசை மாறிவிடும்.

பெருந்துன்பத்தில் நாம் நன்றாகவே நடந்துகொள்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். 2015 டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம். அப்பொழுது யார் யாரைத் தோளில் தூக்கினார், யார் மொட்டைமாடியில் அடுப்பு மூட்டினார், யார் தன் பங்குச் சோற்றைக் கொடுத்தார் என்று இன்றைக்கும் ஜனங்கள் பேர் சொல்லிப் பேசுகிறார்கள். வெள்ளத்தில் எல்லாம் தெரிகிறது. சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் ஒன்றும் தெரிவதில்லை. அன்றைக்கும் ஒருவர் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார். மெதுவாகத் தூக்குவதால் நம் கண்ணுக்குப் படவில்லை.

அர்ச். சின்னப்பர் கொலோசெயருக்கு எழுதிய நிருபம் 3-ம் அதிகாரத்தில், மனைவிகள் புருஷர்களிடமும் புருஷர்கள் மனைவிகளிடமும் நடந்துகொள்ள வேண்டிய முறையை 18, 19-ம் வசனங்களில் சொல்லுகிறார். கலியாணப் பூசைப் பிரசங்கங்களில் இந்த வசனங்களைக் கேட்டிருப்பீர்கள். அதற்கு நேர்முன்னே 15, 16, 17-ம் வசனங்களை வாசித்துப் பாருங்கள். மூன்று வசனத்திலும், ஒவ்வொன்றிலும், நன்றியறிதல் பேசப்படுகிறது. மூன்று முறை நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் அப்போஸ்தலர் வீட்டுக்குள் காலடி வைக்கிறார். அந்த மூன்று வசனத்தைத் தாண்டிவிட்டுக் கீழ்ப்படிதலை மட்டும் பிடித்துக்கொள்கிற புருஷர்கள் உண்டு. அவர்கள் 19-ம் வசனத்தின் பின்பாதியையும் சேர்த்தே வாசிக்கட்டும். மனைவியிடம் கடுகடுப்பாய் இருக்கலாகாது என்ற கட்டளை அங்கேதான் இருக்கிறது.

பாப்பரசர் பிரான்சிஸ் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய நிருபத்தில் 2016 மார்ச் 19-ந் தேதி கையொப்பமிட்டார். 2025-ல் இறந்த அந்தப் பாப்பரசர் அடிக்கடி சொல்லிவந்த மூன்று வார்த்தைகள் அந்த நிருபத்திலும் வருகின்றன: அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது. மூன்றும் சின்ன வார்த்தைகள். நம் வாயில் மூன்றுமே சுலபமாய் வராதவை!

மார்ச் 19 அர்ச். சூசையப்பர் திருநாள். 2002-ல் ஏற்பட்ட நமது செங்கல்பட்டு மேற்றிராசனத்தின் பேராலயமும் அவர் பேரால் விளங்குகிறது. வீரமாமுனிவர் அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயரிட்டு, அவரையே பாட்டுடைத் தலைவராக்கி, 36 படலங்களில் 3,615 பாடல்களாகத் தேம்பாவணி பாடினார். உலகத்தில் எத்தனையோ காவியங்கள் அரசரையும் போர்வீரரையும் பாடின. நம் பாஷையில் ஒரு பெருங்காவியம் தச்சுவேலை செய்த ஒரு புருஷனைப் பாடுகிறது. இது தமிழ்க் கத்தோலிக்கருக்குக் கிடைத்த பாக்கியம்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். சூசையப்பர் பேசியதாகச் சுவிசேஷங்களில் ஒரு வார்த்தைகூட இல்லையே. அவரைப்போல நாங்களும் பேசாதிருந்தால் என்ன என்று வாய் திறவாத புருஷர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் அவர் பேசாமல் என்ன செய்தார் என்று பாருங்கள். பழி வந்துவிடும் என்று தோன்றின நேரத்திலும் மனைவியை ஊரறிய அவமானப்படுத்த மனமில்லாதிருந்தார். பின்பு சம்மனசானவர் சொல்லியபடி நடுராத்திரியில் எழுந்து, தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எஜிப்து தேசத்துக்கு நடந்தார். அப்படிப்பட்ட மௌனத்துக்கு வார்த்தை தேவையில்லை. சாய்வுநாற்காலியில் படுத்து, கையில் போனை வைத்துக்கொண்டு இருக்கிற மௌனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வார்த்தையும் செய்கையும் சேர்ந்த குடும்பத்துக்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். குழந்தை தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்க வீடு இல்லை. அவளுடைய தகப்பனார் லூயி மர்த்தேன் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். தாயார் செலி, பிரான்சு தேசத்தில் அலான்சோன் என்ற ஊரில் ஜரிகைப் பின்னல் வேலை செய்து விற்றவர். 1858-ல் விவாகம். ஒன்பது பிள்ளைகள் பிறந்து, நாலு பிள்ளைகளைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார்கள். மனைவியின் தொழில் பெருகினபோது, 1870-ல் லூயி தன் கடிகாரக் கடையை விற்றுவிட்டு, மனைவியின் வியாபாரத்துக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார். கணக்கு எழுதுவது, ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பது எல்லாம் அவர். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின காரியம் இது. இன்றைக்கு நம் தெருவில் ஒருவர் செய்தால் என்ன பேச்சு எழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். செலி தன் கடிதங்களில் புருஷனைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவர் செய்த நன்மையைக் குறிப்பிடத் தவறுவதில்லை. 1877-ல் மார்பில் வந்த புற்றுநோயால் அவள் இறந்தாள். இருவரையும் ஒரே நாளில், 2015 அக்டோபர் 18-ந் தேதி, பாப்பரசர் அர்ச்சியசிஷ்டர் பட்டத்துக்கு உயர்த்தினார். புருஷனும் மனைவியும் சோடியாக ஒரே சடங்கில் அந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை.

நன்றியைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கையும் அவசியம். நன்றி சொல்லிவிட்டால் நீதி செய்யவேண்டியதில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. "நீ இல்லாவிட்டால் இந்த வீடு ஏது" என்று சர்க்கரையாய்ப் பேசிவிட்டு, 289 நிமிஷத்தில் ஒரு நிமிஷத்தையும் தன் கையில் வாங்கிக்கொள்ளாதவன் மணவாளனைப்போல அடுத்தவர் உழைப்புக்குப் புகழ் வாங்குகிறவன். 2023 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், புருஷன் சம்பாதித்த காலத்தில் மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதும் சொத்துச் சேர்வதற்குச் செய்த பங்களிப்புத்தான், ஆகையால் அவளுக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு அரசு அதே வருஷம் செப்டம்பர் 15-ல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பேர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தது. கட்சி பேச இங்கே இடமில்லை. அந்தச் சொல்லை மட்டும் கவனியுங்கள். வெளியிலுள்ளவர்கள் அறியத் தொடங்கியதை வீட்டிலுள்ளவர் கடைசியில் அறிவது வெட்கம்.

அடி உதை நடக்கிற வீட்டைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. அங்கே பெண்ணைப் பார்த்து, பொறுத்துக்கொள், கிடைத்ததற்கு நன்றியாயிரு என்று உபதேசிப்பது பாவம். அவளுக்கு வேண்டியது பாதுகாப்பு. 2005-ம் வருஷச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. 181 என்ற இலவச எண்ணுக்குப் பேசினால் உதவி கிடைக்கும். பக்கத்து வீட்டார் காது கேளாதவர்போல இருக்கவேண்டாம்.

இப்பொழுது செய்கைக்கு வருவோம். வாயில் வராத வார்த்தையை வலிய வரவழைக்க வேண்டாம். திடீரென்று "நன்றி" என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். கண்டதைச் சொன்னால் போதும். "இந்த வெயில்ல மாடி ஏறி இறங்கினியே" என்பது ஒரு வாக்கியம். "இன்னைக்கும் ரயில்ல நின்னுக்கிட்டேதான் வந்தீங்களா?" என்பது ஒரு வாக்கியம். இதில் நன்றி என்ற வார்த்தையே இல்லை. அறிதல் முழுமையாக இருக்கிறது. உப்பு கூடினதைச் சொல்லும் வாய், உப்பு சரியாக இருந்த நாளிலும் ஒருமுறை திறக்கட்டும்.

பேச வராதவர்கள் எழுதலாம். ஸ்பெயின் தேசத்தில் கபிரியேல் கால்வோ என்ற குருவானவர் 1962-ல் பார்சலோனாவில் தம்பதிகளைக் கூட்டி நடத்திய தியானத்திலிருந்து ஒரு இயக்கமே வளர்ந்தது. அதில் தம்பதிகள் தனித்தனியே நோட்டுப் புத்தகத்தில் சில நிமிஷம் எழுதி, மாற்றிக்கொண்டு வாசித்து, பிறகு பேசிக்கொள்கிறார்கள். நம் வீட்டில் பால்கணக்கு எழுதுகிற நோட்டே போதும். எழுத்து வராத பெரியவர்களுக்கு வேறு வழி சொல்கிறேன். மனைவி படுத்த பிறகு மிச்சமிருக்கிற பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். காலையில் அவள் அதை வாசித்துக்கொள்வாள்.

தள்ளிப்போடவும் வேண்டாம். நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் தோட்டத்துக்கு மாலையும் மெழுகுவர்த்தியும் எடுத்துப்போகிறவர்களில், புருஷனை இழந்தவர்களும் மனைவியை இழந்தவர்களும் சமாதியருகில் நின்று வாய்விட்டுப் பேசுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சீரகம் எந்த டப்பாவில் இருக்கிறது என்பது தெரியவே மனைவி சாகவேண்டியிருந்தது என்று ஒரு பெரியவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

கீழே உள்ள கேள்விகளைப் புருஷனும் மனைவியும் இந்த வாரத்தில் ஒருநாள், பிள்ளைகள் தூங்கின பிறகு, மாடியிலோ வாசற்படியிலோ காற்றாட உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். தொலைக்காட்சி நின்றிருக்கட்டும்.

நேற்று காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரையில் என் பொருட்டு நீ செய்ததில் நான் கண்டது என்னென்ன? நான் காணாதது என்னென்ன? (காணாததை மற்றவர் சொல்லட்டும், சொல்லும்போது பழைய கணக்கைத் திறக்கவேண்டாம்.)

நம் கலியாணம் முடிந்த முதல் வருஷத்துக் கோடையில் எந்த வீட்டில் குடியிருந்தோம், தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் தூக்கிவந்தது?

உன் தாயார் எனக்குச் செய்த நன்மை ஒன்றையும், என் தாயார் உனக்குச் செய்த நன்மை ஒன்றையும் சொல்லமுடியுமா? (இது கடினமான கேள்வி. முடியாவிட்டால் அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.)

நான் செய்கிற வேலைகளில் எதை இந்தச் சித்திரையிலிருந்து நீ எடுத்துக்கொள்வாய்? காலையிலா, சாயங்காலத்திலா? எந்த நாளிலிருந்து?